உறைமோர்

எங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பிளான்டில் கெமிஸ்டாக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ஃபோர்மேன் அண்ணன் என்னை ஏரேஷன் டேங்கின் நடைபாலத்துக்குக் கூட்டிப்போனார். கயிறு கட்டிய பிளாஸ்டிக் வாளி ஒன்றைத் தொட்டிக்குள் விட்டு இழுத்தார். பால் கம்மியாக விட்ட காப்பி நிறத்தில் குழம்பலாக ஏதோ வந்தது. நாற்றம் அடிக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு, புது மழையில் நனைந்த மண் வாசனைதான் வந்தது. அதை ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் ஊற்றி, கட்டைச் சுவரில் வைத்தார்.

“வாங்க சார், டீ குடிச்சிட்டு வருவோம்.”

அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், உருளையின் அடியில் 300 மில்லி கோட்டுக்குக் கீழே கசடு மெத்தென்று படிந்திருந்தது. மேலே இருந்த தண்ணீர் வழியாகப் பின்னால் நின்ற வேப்பமரம் தெரிந்தது.

“மேல இருக்கறது வாய்க்காலுக்குப் போயிரும் சார். கீழ இருக்கறதுதான் நம்ம சொத்து. வீட்ல தயிர்ச் சட்டிய மொத்தமா வழிச்சுட்டா மறுநாளைக்கு எதை வெச்சு உறை ஊத்துவாங்க?”

நான் எம்.எஸ்சி. படித்தவன், அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்றவர். எனக்குக் கணக்கும் சூத்திரமும் தெரிந்திருந்தன. கசடைச் சொத்து என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. பின்னாளில் இந்தத் தொழிலின் பழங்கதைகளைத் தேடிப் படித்தபோதுதான் ஒன்று புரிந்தது. டீக்கு முன்னும் பின்னுமாக அண்ணன் சொல்லிமுடித்த அந்த விஷயத்துக்கு வந்து சேர, இங்கிலாந்துக்காரர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அவர்கள் தொடங்கியது நாற்றத்தில். 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில் நாடாளுமன்றத்தின் ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அதுவரை பணம் இல்லை என்று இழுத்தடித்தவர்கள், தங்கள் மூக்குக்கே வந்ததும் சில வாரங்களில் சட்டம் போட்டார்கள். ஜோசப் பேஸல்ஜெட் என்ற பொறியாளர் பிரமாதமான செங்கல் சாக்கடைகளைக் கட்டினார். அவரைப் பற்றி ஏகப்பட்ட பேர் எழுதிவிட்டார்கள். எங்கள் தொழில்காரன் பார்வையில் அவர் செய்தது பாதி வேலைதான். வடகரையில் பெக்டன், தென்கரையில் கிராஸ்னஸ் என்று ஊருக்குக் கிழக்கே இரண்டு இடங்களில் சாக்கடையைச் சேர்த்துவைத்து, கடல் வற்றம் பார்த்து அப்படியே ஆற்றில் திறந்துவிட்டார்கள். சுத்திகரிப்பு என்று ஒன்றும் கிடையாது. நாற்றம் இடம் மாறியது, அவ்வளவுதான்.

1878 செப்டம்பர் 3-ஆம் தேதி மாலை, உல்லாசப் பயணிகளோடு திரும்பிக்கொண்டிருந்த ‘பிரின்சஸ் ஆலிஸ்’ என்ற நீராவிப் படகை அந்தப் பகுதியில் ஒரு நிலக்கரிக் கப்பல் மோதிப் பிளந்தது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். மோதலுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்புதான் இரண்டு கரைகளிலும் சாக்கடையைத் திறந்துவிட்டிருந்தார்கள். விழுந்தவர்கள் அந்தத் தண்ணீரில்தான் தத்தளித்தார்கள். அதற்குப் பிறகு, சாக்கடையில் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் கலந்து கசடைப் படியவைத்து, அந்தக் கசடைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்ட ஆரம்பித்தார்கள். 1887-ல் தொடங்கி, கசடுக் கப்பல்கள் 1998 வரை ஓடின. முதல் கப்பலுக்கு வைத்த பெயர் ‘பேஸல்ஜெட்’. மரியாதையா கிண்டலா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

கசடு என்றாலே ஒழித்துக்கட்ட வேண்டிய எதிரி என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் அது. கிருமி என்றாலும் அப்படியே. பாஸ்டர் வந்து, நோய்க்குக் காரணம் கிருமி என்று நிரூபித்த சூடு இன்னும் ஆறவில்லை. சாக்கடையில் கிருமி இருக்கிறது, மருந்து போட்டுக் கொல்ல வேண்டும் என்பதுதான் படித்தவர்களின் பேச்சு.

ஆனால் 1877-லேயே பாரிஸில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் ஒரு வேடிக்கை செய்து காட்டியிருந்தார்கள். நீண்ட குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிரப்பி, மேலிருந்து சொட்டுச் சொட்டாகச் சாக்கடை நீரை விட்டார்கள். மூன்று வாரம் போல ஒன்றும் நடக்கவில்லை. மேலே விட்ட அம்மோனியா அப்படியே கீழே வந்தது. பிறகு திடீரென்று அம்மோனியா குறைந்து நைட்ரேட் வர ஆரம்பித்தது. வெறும் ரசாயன வினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். இது எதுவோ பிறந்து வளர்ந்து பெருகக் காத்திருந்த காலம் போல இருந்தது. குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், நைட்ரேட் நின்றது. கொஞ்சம் நல்ல மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள், மறுபடி வந்தது. மயக்க மருந்து கொடுத்தால் நின்றுபோகிறது என்றால் அது உயிர்தானே.

லண்டனின் தலைமை ரசாயனர் வில்லியம் டிப்டின் இதன் பொருளைப் பிடித்துக்கொண்டார். 1887-ல் அவர் சொன்னதன் சாரம்: கிருமியைக் கொல்லாதீர்கள், வளர்த்து வேலை வாங்குங்கள். மற்ற ரசாயனர்கள் சிரித்தார்கள். 1890களில் கற்கரி, செங்கல் துண்டு, கிளிங்கர் எல்லாம் பரப்பிய பாத்திகள் இங்கிலாந்து முழுக்க வந்தன. சாக்கடையை நிரப்பி, சில மணி நேரம் ஊறவிட்டு, வடித்து, காலியாக வைத்து மூச்சுவிடச் செய்து, மறுபடி நிரப்புவார்கள். கல்லின்மேல் வழவழவென்று ஒரு படலம் வளரும். வேலை செய்வது அந்தப் படலம்தான். ஆனால் அதற்கு ஒட்டிக்கொள்ளக் கல் வேண்டும், கல்லுக்கு நிலம் வேண்டும், ஏக்கர் கணக்கில். சில வருடங்களில் இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். கல்லை வாரி, கழுவி, மறுபடி பரப்ப வேண்டும்.

இனி மான்செஸ்டர். அந்த ஊரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பருத்தி ஆலைகளால் பெருத்த ஊர் அது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை அதன் தொழிலாளர் தெருக்களில் இருந்தது வாளிக் கக்கூஸ். நம் ஊரில் எடுப்புக் கக்கூஸ் என்போமே, கிட்டத்தட்ட அதுதான். இரவில் வண்டி வந்து வாளிகளை எடுத்துக்கொண்டு போகும். ஹோல்ட் டவுன் என்ற இடத்தில் அதை உலர்த்தி உரமாக்கினார்கள். வாளியைச் சுமந்தவர்களின் பெயர் எதுவும் வரலாற்றில் இல்லை, இங்கேயும் இல்லை.

1894-ஆம் வருடம் அந்த ஊருக்கு மூன்று விஷயங்கள் ஒன்றாக வந்தன. கடல்கப்பல் ஊருக்குள் வரும்படி வெட்டிய கப்பல் கால்வாய் திறந்தது. ஏறத்தாழ 96 மைல் தொலைவிலிருந்து தேர்ல்மியர் ஏரித் தண்ணீர் வந்தது. கால்வாய்க் கரையில் டேவிஹல்ம் கழிவுநீர் நிலையம் தொடங்கியது. மூன்றும் ஒரே சங்கிலி. தண்ணீர் தாராளமாக வந்ததால் வாளி போய்த் தண்ணீர் ஊற்றும் கக்கூஸ் வந்தது, சாக்கடை பெருகியது. கால்வாயில் தேங்கி நின்ற தண்ணீர், ஓடும் ஆற்றைப் போலத் தன்னைத்தானே கழுவிக்கொள்ளவில்லை, நாறியது. டேவிஹல்ம் எப்படியாவது வேலை செய்தாக வேண்டும் என்ற நிலை.

சுண்ணாம்பு போட்டுப் பார்த்தார்கள். கரைதாண்டிக் கசடு குவிந்தது. கப்பலில் ஏற்றி ஐரிஷ் கடலில் கொட்டினார்கள். பெரிய நிபுணர்களைக் கூப்பிட்டுக் கேட்டு, 1899-ல் அவர்கள் சொன்னபடி பாத்திகளைக் கட்டினார்கள். ஊர் வளர்ந்த வேகத்துக்கு நிலம் போதவில்லை.

அங்கே ரசாயனராக இருந்து, பின்பு மாநகராட்சிக்கு ஆலோசகரானவர் கில்பர்ட் ஃபவுலர். 1912-ல் அவர் அமெரிக்கா போனார். மாசசூசெட்ஸ் மாநிலம் லாரன்ஸ் நகரில் ஆற்றங்கரையில் ஒரு சோதனைச் சாலை 1887 முதல் இருந்தது. அங்கே பாட்டில்களில் சாக்கடையை வைத்து, காற்றை ஊதி, பாசி வளரவிட்டு, தண்ணீர் தெளிவதைக் காட்டினார்கள். ஃபவுலர் ஊர் திரும்பியதும், டேவிஹல்மில் இருந்த எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இரண்டு ரசாயனர்களிடம் இதே மாதிரி செய்து பாருங்கள் என்றார்.

அவர்கள் எடுத்தது இரண்டேகால் லிட்டர் கொள்ளும் கண்ணாடி பாட்டில்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிடித்துக் கணக்கைக் குழப்பும் என்று பழுப்புக் காகிதத்தால் சுற்றினார்கள். லாரன்ஸில் விரும்பி வளர்த்த பாசியை மான்செஸ்டரில் வெளியே நிறுத்திவிட்டார்கள். குழாய் வழியாகக் காற்றைக் குமிழிவிட்டார்கள். சாக்கடையிலுள்ள அம்மோனியா முழுதும் நைட்ரேட்டாக மாற 5 வாரம் ஆனது. 5 வாரம்! ஒரு நகரத்தின் சாக்கடையை 5 வாரம் தொட்டியில் தேக்கி வைத்தால் நகரமே மூழ்கிவிடும். அந்த இடத்தில் சலித்துப்போய் விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அதற்கு முன்பும் சாக்கடைக்குக் காற்று ஊதிப் பார்த்தவர்கள் உண்டு. அவர்கள் அப்படித்தான் விட்டார்கள். சோதனை முடிந்ததும் பாட்டிலைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஆர்டர்னும் லாக்கெட்டும் பாட்டிலைக் கழுவவில்லை. மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் கிடந்த கசடை அப்படியே விட்டு, அதன்மேல் புதுச் சாக்கடையை ஊற்றினார்கள். காற்று. தெளியவிடு. வடி. மறுபடி புதுச் சாக்கடை. ஒவ்வொரு முறையும் அடியில் கசடு கூடிக்கொண்டே வந்தது, நேரம் குறைந்துகொண்டே வந்தது. 5 வாரம் ஆன வேலை கடைசியில் 24 மணி நேரத்துக்குள் முடிந்தது. கசடின் அளவைக் கூட்டிச் சில மணி நேரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒட்டிக்கொள்ளக் கல் தேவைப்படவில்லை. கசடின் துணுக்குகளே அந்த உயிர்களுக்கு மிதக்கும் வீடு.

1914 ஏப்ரல் 3-ஆம் தேதி, மான்செஸ்டர் கிராண்ட் ஹோட்டலில் கூடிய ரசாயனத் தொழில் சங்கத்தில் இதைக் கட்டுரையாக வாசித்தார்கள். அதில் அந்தக் கசடுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் ‘ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்’. தமிழ்ப் பாடநூலில் ‘கிளர்வூட்டப்பட்ட கசடு’ என்று பார்த்திருக்கிறேன். பிளான்டில் அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது. என்னைக் கேட்டால் அண்ணன் சொன்ன உறைமோர்தான் பொருத்தம்.

நான்கு மாதத்தில் உலகப்போர் மூண்டது. ஆனாலும் சால்ஃபோர்ட், வூஸ்டர், ஷெஃபீல்ட் என்று ஊர் ஊராக இந்த முறை பரவியது. கூடவே காப்புரிமைச் சண்டையும். ஸ்டவர்பிரிட்ஜ் நகரத்து ஜோன்ஸ் அண்ட் ஆட்வுட் நிறுவனம் உரிமை வாங்கி வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் மில்வாக்கி நகரம், பணம் கட்டாமல் இந்த முறையைக் கையாண்டது என்று வழக்கில் தோற்றது. ஆனால் பிளான்டை மூடச் சொல்ல மேல்முறையீட்டு நீதிமன்றம் 1934-ல் மறுத்துவிட்டது. மூடினால் மொத்தச் சாக்கடையும் மிச்சிகன் ஏரிக்குப் போகும். ஊர் குடிப்பது அந்த ஏரித் தண்ணீர்.

இதே காலத்து இன்னொரு சமாசாரம், என் சோதனைச் சாலை வாழ்க்கையில் தினமும் தொட்டது. சுத்தம் செய்த நீர் எவ்வளவு சுத்தம் என்று அளக்க வேண்டுமே. பிரிட்டனில் 1898-ல் அமைத்த அரச ஆணையம் 1912-ல் தன் எட்டாவது அறிக்கையில் அளவு சொன்னது. லிட்டருக்கு மிதக்கும் திடப்பொருள் 30 மில்லிகிராம், 5 நாளில் உறிஞ்சும் ஆக்சிஜன் 20 மில்லிகிராம். உலகம் முழுக்க பி.ஓ.டி. என்று புழங்குவது இந்த இரண்டாவது அளவைத்தான். அதென்ன 5 நாள்? பிரிட்டனில் எந்த ஆற்றுத் தண்ணீரும் கடலைச் சேர 5 நாளுக்கு மேல் ஆகாது என்பதால் வைத்தார்கள் என்று எங்கள் தொழிலில் ஒரு கதை உண்டு. வெப்பநிலை 65 டிகிரி ஃபாரன்ஹீட், அவர்கள் ஊர்க் கோடைக்கு ஏற்ப. கூவத்துக்கு அந்தக் குளிர் எங்கே கிடைக்கும்? எங்கள் இன்குபேட்டரில் இப்போது வைப்பது 27 டிகிரி, 3 நாள். இந்த மாற்றம் வருவதற்குள் எத்தனையோ சனிக்கிழமைகளில் விடுப்பை விட்டுவிட்டு ஐந்தாம் நாள் பாட்டிலைத் திறக்க ஓடியிருக்கிறேன்.

ஃபவுலர் என்ன ஆனார்? மான்செஸ்டர் கட்டுரையில் ஆசிரியராக அவர் பெயர் இல்லை. 1916-ல் அவர் பெங்களூருக்கு, இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்துவிட்டார். அங்கே 1921-ல் உயிர்வேதியியல் துறை தொடங்கியபோது முதல் தலைவர் அவர்தான். சாக்கடை ஆராய்ச்சியையும் கூடவே கொண்டுவந்தார். இதை நான் முதலில் படித்தபோது, என் வேலையின் பாட்டன் பக்கத்து ஊரில் இருந்திருக்கிறாரே என்று ஒரு பெருமை.

அந்தத் துறையிலிருந்து 1942-ல் வந்த ஒரு சிறு கட்டுரை எனக்கு இன்னும் பிடிக்கும். எஸ்.சி. பிள்ளை, வி. சுப்பிரமணியன் இருவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. கசடில் வேலை செய்வது பாக்டீரியா மட்டும் அல்ல, ஓரணு விலங்குகளே முக்கியம் என்று வாதாடினார்கள். உலகம் அதை முழுசாக ஏற்கவில்லை. பெரும்பாலான வேலை பாக்டீரியாவுடையது என்பதே இன்றைய முடிவு. ஆனால் 1960களின் கடைசியில் இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் ஆய்வகத்தில் சோதித்தபோது, அந்த விலங்குகள் இல்லாவிட்டால் வெளியேறும் நீர் கலங்கலாகவே போகிறது என்று உறுதியானது. பெங்களூர்க்காரர்கள் பார்த்தது வீணாகவில்லை. இந்தச் சுப்பிரமணியன்தான் பிறகு மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் ஆனார்.

மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டுக் கசடை வைத்துப் பாருங்கள். பழுப்புப் பஞ்சுத் துணுக்குகள் தெரியும். அவற்றின் ஓரத்தில் நீளக் காம்பில் தலைகீழ் மணி மாதிரி ஒன்று ஆடிக்கொண்டிருக்கும், வோர்ட்டிசெல்லா. வாயைச் சுற்றி மயிர்கள் சுழன்று சின்ன நீர்ச்சுழி உண்டாக்கும். அலைந்து திரியும் பாக்டீரியாக்கள் அதில் சிக்கி உள்ளே போகும். கண்ணாடியை லேசாகத் தட்டினால் காம்பு ஸ்பிரிங் போலச் சுருண்டு மணி உள்ளே ஓடிவிடும். கொஞ்சம் பொறுத்தால் மெதுவாக நிமிர்ந்து வரும். இது நிறைய இருந்தால் அன்றைக்கு என் ரிப்போர்ட்டில் எல்லா எண்ணும் சரியாக வரும் என்று பாட்டிலைத் திறக்காமலே தெரியும். இதற்குப் பதிலாக நூல் நூலாகச் சிலந்திவலை மாதிரி தெரிந்தால், கசடு படியாமல் உருளையில் உப்பிக்கொண்டு நிற்கும். அன்றைக்கு யாரும் என்னிடம் பேச வேண்டாம்.

பெங்களூர் வரை வந்த வித்தை சென்னைக்கு வர நாளாயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே.டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளர் சென்னையின் பாதாளச் சாக்கடையைத் திட்டமிட்டார். சாக்கடையைப் பம்ப் செய்து கொடுங்கையூரில் புல்லுக்குப் பாய்ச்சினார்கள். புல் மாட்டுக்குப் போனது, பால் நமக்கு வந்தது. நெசப்பாக்கம், கோயம்பேடு என்று சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தது 1970களில், மான்செஸ்டர் கட்டுரைக்கு 60 வருடம் தள்ளி. இன்றைக்குக் கொடுங்கையூரில் தெளிந்த நீரை மேலும் வடிகட்டி மணலித் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். புல்லிலிருந்து பெட்ரோல் சுத்திகரிப்பு வரை, நல்ல முன்னேற்றம்தான்.

நான் வேலை பார்த்த ஊரின் பெயரைச் சொல்லாமல் ஒரு ஐப்பசியை மட்டும் சொல்லிவிடுகிறேன். புயல் அடித்து மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. வாங்குவதற்கான கோப்பு எங்கோ மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டரை நாள், தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயர் ஓடவில்லை. மூன்றாம் நாள் காலை வாளியை இறக்கி இழுத்தேன். கறுப்பாக வந்தது. அழுகிய முட்டை வாடை. உருளையில் ஊற்றினால் படியவே இல்லை. கரிப்பொடி கரைத்தது போல நின்றது. மைக்ராஸ்கோப்பில் மணி ஒன்றுகூட இல்லை. அண்ணன் உருளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. மூன்று பேர் ஷிஃப்ட் ஷிஃப்டாகப் பல வருடம் வளர்த்த சொத்து.

பக்கத்து ஊர் பிளான்டில் கேட்டு, டேங்கர் லாரியில் அவர்கள் கசடை வாங்கிவந்து ஊற்றினோம். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய் உறைமோர் கேட்கிற மாதிரிதான். உருளையில் மறுபடி வேப்பமரம் தெரிய 19 நாள் ஆனது. அதுவரை வாய்க்காலில் போனதை நான் எழுதப் போவதில்லை.

இப்போது சின்னச் சின்ன பிளான்ட்கள் அடுக்ககங்களின் கீழ்த்தளத்துக்கே வந்துவிட்டன. உங்கள் வீட்டுக் கார் நிற்கும் இடத்துக்கு அடியிலும் ஒன்று இருக்கலாம். அதன் கரண்ட் செலவில் பெரும்பங்கு ப்ளோயருக்குத்தான் போகும். அசோசியேஷன் கூட்டத்தில் யாராவது எழுந்து “ராத்திரியில் அந்த மிஷினை நிறுத்தி வைத்தால் பில் குறையுமே” என்று கட்டாயம் சொல்வார். கையைத் தூக்குவதற்கு முன் கீழே போய் ஆபரேட்டரிடம் ஒரு லிட்டர் எடுத்து ஊற்றி வைக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம்தான். டீ குடித்துவிட்டு வாருங்கள்.